பனியில் இறங்கிய நாய்

ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டிவிட்டு, அத்தாவின் தாடியில் வழிந்ததைத் தாவணி முனையால் துடைத்தாள் ஷம்ஷாத். அடுத்த கரண்டிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

"நாயைப் பத்தி என்ன போட்டிருக்கான், தாயி?"

நவம்பர் தொடக்கத்தில் ரஷ்யாக்காரன் விண்ணுக்கு அனுப்பிய இரண்டாவது ஸ்புட்னிக்கில் ஒரு நாய் போயிருந்தது. அதைத் திரும்ப இறக்க வழியே வைக்கவில்லை, அது செத்துவிட்டது என்று பேப்பரில் வந்து நாளாகிவிட்டது. ஷம்ஷாத் அதைப் படித்துக் காட்டவில்லை. பாராசூட்டில் பனிக்காட்டில் இறங்கிவிட்டது என்று சொன்னாள். மறுநாள் கேட்டபோது, ஒரு கிழவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார் என்றாள். அதன்பின் தினமும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தப் பெரியவர் வீட்டுலதான் இருக்காம் அத்தா."

"பால் குடிக்குதா?"

"ரொட்டிய நனைச்சுக் குடுக்குறாராம்."

"குளிருமே."

"அடுப்புக்கிட்ட சாக்கு விரிச்சுப் போட்டிருக்காராம்."

அத்தா பிச்சை முகம்மது கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"தொழுகுற வீட்டுல வெள்ளனே நாய்ப் பேச்சு" என்றாள் அம்மா அமீருன்னிசா. சொல்லிக்கொண்டே வந்து, கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

நாயுடுபுரத்தில் அவர் பூண்டு, உருளைக்கிழங்கு வியாபாரி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கியிருந்தார். பூண்டி கிராமத்திலிருந்து மூட்டையோடு வருகிறவர்கள் சனிக்கோளின் வளையத்தைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. அந்த ஸ்புட்னிக் ஊருக்கு மேலே கடந்துபோன ஒரு விடியற்காலையில் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். ஒரு வெள்ளைப் புள்ளி அவசரமில்லாமல் வானத்தைத் தாண்டிப் போனது.

"அதுக்குள்ள ஒரு உசுரு ஒத்தையில கெடக்கு தாயி" என்றார். 

மறுநாள் படுத்தவர் எழவில்லை. டாக்டர் அம்மாவையும் அவளையும் வெளியே கூப்பிட்டு, இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தாவிடம் வெறும் நெஞ்சுச்சளி என்றார்கள். அதை அப்படிச் சொன்ன வாயால், நாய் இறங்காது என்று ஷம்ஷாத்தால் சொல்ல முடியவில்லை.

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது மூச்சு மாறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா காதருகே கலிமா ஓதினாள். ஷம்ஷாத் உதட்டில் தண்ணீர் விட்டாள். பிறகு காத்திருந்தும் அடுத்த மூச்சு வரவில்லை.

மதியத்துக்குள் குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்றினார்கள். பின்வாசலில் செபாஸ்டின் சார் தனியாக நின்றிருந்தார். மிஷன் பள்ளி டிராயிங் வாத்தியார். அத்தாவோடு வானம் பார்க்கிறவர்.

"கஷ்டப்படாமப் போனாராம்மா?"

"ஆமா சார். காலையில கூட நாயைக் கேட்டாரு."

அவர் தரையைப் பார்த்தார். "அந்தப் பெரியவர் வீட்டுலதான இன்னும் இருக்கு?"

ஷம்ஷாத் நிமிர்ந்தாள்.

"போன வாரமே அவருக்குத் தெரியும்மா. நாந்தான் வாய்தவறி, நாய் செத்துருச்சுன்னு சொல்லிட்டேன். ஷம்ஷாத்துகிட்டக் காட்டிக்கிராதீங்க சார்னாரு. புள்ள தெனம் எனக்காக ஒண்ணொண்ணா யோசிச்சுச் சொல்லுது, கேக்க நல்லாருக்குன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"



"சளிங்கறாங்க, நானும் சரின்னுட்டேன்னாரு."

முன்வாசலில் யாரோ, நேரமாகுது, தூக்குங்க என்றார்கள். சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரைந்து நடந்து ஒரு பக்கம் தோள் கொடுக்கப் போனார். மேட்டுப்பாதையில் ஆண்கள் சந்தூக்கைச் சுமந்து ஏறினார்கள். மூடுபனியில் முதலில் முதுகுகள் மறைந்தன. ஓதும் குரல் மட்டும் கொஞ்சதூரம் கேட்டது.

பெண்கள் வீட்டில் நின்றுவிட்டார்கள். அண்டை வீட்டிலிருந்து சோறு வந்தது. யாரும் தொடவில்லை. அமீருன்னிசா எழுந்து கொல்லைக்குப் போய், அவர் படுத்திருந்த விரிப்பை அலசத் தொடங்கினாள். ஷம்ஷாத் பின்னாலேயே போய் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். கல்லின்மேல் தண்ணீர் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. அமீருன்னிசா முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஷம்ஷாத் தன் முனையை விடவில்லை.