அவரவர் அட்டை

டைனிங் ரூமில் சாப்பாட்டு மேஜையைத் தவிர மற்றதெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. பீங்கான் தட்டுகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்கியிருந்தாள் மேரிசெல்வி. படுக்கவைத்தால் லாரி குலுக்கலில் அடித்தட்டு நொறுங்கிவிடும். ஊறுகாய் ஜாடிகளுக்கு வாய் கட்டியாயிற்று. கட்டிய பெட்டிகளை எடுத்துப்போக வசதியாக வாசலோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியும் வைத்துவிட்டாள். மேஜையில் மட்டும் கை வைக்க முடியவில்லை. அதன்மேல் அப்பாவும் பிள்ளையும் ஏறி நின்றிருந்தார்கள்.

அவள் கணவர் செல்வநாதன் ரிடையர் ஆகிவிட்டார். இந்த மாடிக் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகிறார்கள். ஒப்படைக்கும்போது தாங்களாகச் சேர்த்த எதையும் விட்டுவைக்கக் கூடாது. டைனிங் ரூம் ஃபேன் அவர் தன் கையால் லைன் இழுத்து மாட்டியது. அதன் சுவிட்சைக் காலையிலேயே பிடுங்கி, ஒயரை நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். அதனால் இப்போது மெயினை அணைத்தால்தான் ஃபேனில் கை வைக்கலாம். மெயின் இருப்பது கீழே, மாடிப்படிக்கு அடியில்.

அணைத்துவிட்டு அதில் தன் அட்டையையும் மாட்டிவிட்டுத்தான் மேலே வந்திருந்தார். சுரங்கத்தில், நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தவர். அங்கே பெல்ட்டில் ஏறுகிற ஒவ்வொரு ஆளும் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். கடைசி அட்டையும் இறங்கிவிட்டால் மேலே ஆள் இல்லை என்று அர்த்தம், பெல்ட் ஓடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"ஒனக்கும் ஒரு அட்டை எழுதித் தரவாடா?" என்று போல்ட்டைத் திருகியபடி கேட்டார்.

"எப்பா, இது வூடுப்பா, மைன்ஸ் இல்ல." ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை பார்க்கும் ரெஜின் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். "ஒன் அட்டையிலயே நானும் ஒண்டிக்கிறேன்."

"தொரைக்கு அட்டை மாட்ட வெக்கம்!"

இருவரும் சிரித்தார்கள். மேரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டைப் பேச்சை யாரும் விளையாட்டாகப் பேசி அவள் கேட்டதில்லை. "சீக்கிரம் எறங்குங்க ரெண்டு பேரும். லாரிக்காரர் கத்திக்கினு இருக்கார்," என்றாள்.

ஃபேன் இறங்கியது. செல்வநாதன் இறங்கினார், பின்னாலேயே ரெஜினும் குதித்தான்.

"அவ்ளோதான், முடிஞ்சுது." ஃபேனைத் தோளில் வைத்துக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்து அவர் வெளியே போனார்.

ரெஜின் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். கூரையிலிருந்து இரண்டு ஒயர் நுனிகள் செம்பு தெரியத் தொங்கின.

"டேப் சுத்தாம விட்டுட்டமே," என்று மறுபடி மேஜைமேல் ஏறினான்.

"அப்பா கீழ போயிட்டாருடா."

"போவட்டும். அட்டை தொங்கினுதான இருக்கு? ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துடறம்மா."

அவள் கையில் பாதி சுற்றிய கண்ணாடி டம்ளர் இருந்தது. தொங்குகிற அட்டை இவனுடையது அல்ல. இவன் இறங்கியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே இருப்பது ஒரே அட்டை, அதுவும் அவருடையது. அதை எடுக்க அவர் யாரைக் கேட்க வேண்டும்?

"எறங்குடா!"

"தோ, முடிஞ்சிடுச்சும்மா." வியர்வைக் கையால் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் அவளே அடுக்கிய பெட்டிகள் மறித்தன. மேல்பெட்டி தோளில் இடித்துச் சரிந்தது. உள்ளே தட்டுகள் உடைவது கேட்டது. தாண்டினாள். படியில் செருப்பு கழன்றது, விட்டுவிட்டாள்.

படித் திருப்பத்திலிருந்து அவர் தெரிந்தார். ஃபேனைச் சுவரோரம் பதமாகச் சாய்த்துவிட்டு மெயின் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"ஏங்க! போடாதீங்க! ஏங்க!"

பெல்ட் இரைச்சலில் இத்தனை காலம் நின்ற காது. தெருவில் லாரி வேறு என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. அட்டையைக் கழற்றினார். தூசி போக ஒரு தட்டுத் தட்டினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கைப்பிடியை மேலே தள்ளினார்.

மாடியில் மேஜை சாய்ந்தது. அதற்குப் பிறகு மாடியில் ஒரு சத்தமும் இல்லை.

அவள் எஞ்சிய படிகளில் விழுந்து எழுந்து, அவர் கையைத் தட்டிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே இழுத்தாள். இழுத்த பிறகும் விடாமல் அதிலேயே தொங்கினாள்.

"ஏம்மா, ஒனக்கு என்ன ஆச்சு?" செல்வநாதனுக்கு எதுவும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்: "மேல யாரும் வேல செய்யல மேரி. ஒரே ஒரு அட்டைதான் இருந்துச்சு."