ஏழு: நாளை என்றான்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. இறந்துபோன ஒரு கணினி விஞ்ஞானியின் பணி வாழ்க்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி, பாடத்திட்டக் குழு அவளுடைய கணவனைக் கேட்டிருந்தது. அவள் உருவாக்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவார்களாம். 'உங்களைவிட அவரை நன்கு அறிந்தவர் யார்?' என்று முடித்திருந்தார்கள். அந்த வரிதான் வினை. அதைப் படித்ததும் அவனுக்கு ஓர் ஆளின் முகம் நினைவுக்கு வந்தது. அது அவனுடைய முகம் அல்ல.

(முதல் வரைவில் 'நான்' என்றுதான் எழுதினேன். 'நான்' என்று எழுதினால் ஐந்தாவது வரியில் நின்றுவிடுகிறது. 'அவன்' என்றால் நகர்கிறது. எனவே அவன். இடையில் 'நான்' எங்காவது தலைகாட்டினால் கண்டுகொள்ளாதீர்கள்.)

அவன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பார்வை அளப்பது தொழில். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பான். எழுதவும் அவனுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

2

தொடக்கம் ஒன்று: 'இருபத்தாறு வயதில் முனைவர் பட்டம் பெற்ற அவர்—'

உண்மைதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

தொடக்கம் இரண்டு: 'ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையில், துணி போர்த்திய பன்னிரண்டு கணினிகளை அவள் பார்த்த அந்த மதியம்—'

இது நல்ல தொடக்கம். ஆனால் அந்த மதியம் அவன் அங்கே இல்லை. அவளோடு நின்றவன் வேறொருவன். அவனிடமிருந்து கேட்டு வாங்கித்தான் எழுத வேண்டும். கேட்க மனமில்லை.

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல்:

அவள் ஆய்வகத்தில் இருந்தாள். கோடிக்கணக்கான பெயர்களைக் கணினி எப்படி வேகமாக வரிசைப்படுத்தலாம் என்பது ஆராய்ச்சி. ஒரு பள்ளியில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். போனாள். கணினி அறையில் மாணவர்கள் விசைப்பலகையை நோட்டில் படமாக வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே கணினிகள் போர்த்திக்கொண்டு தூங்கின. "ஏன் தொடுறதில்ல?" என்று கேட்டாள். "தொட்டா கெட்டுப்போயிடும் மேடம்" என்றார் ஆசிரியர். மூன்றே மாதத்தில் ஆய்வகத்தை விட்டுவிட்டு அரசின் பாடத்திட்டக் குழுவில் சேர்ந்தாள்.

முதல் கூட்டத்தில் ஓர் அதிகாரி, "எத்தனை கம்ப்யூட்டர் வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணுகூட வேண்டாம் சார். ஒரு அட்டை, ஒரு பெட்டி பொத்தான், ரெண்டு பேர். போதும்."

சிரித்தார்கள். சிரித்து முடிக்க அவர்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. நாலு வருடத்தில் இருபத்துநாலு பாடங்கள். கணினியே இல்லாமல், கணினி எப்படி யோசிக்கிறது என்று சொல்லித்தரும் பாடங்கள். அவள் அடம்பிடித்து வாங்கிய விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு பாடத்தையும் அதே ஏழு பேரிடம் சோதிக்க வேண்டும். ஏழில் ஒன்று குறைந்தாலும் பாடம் புத்தகத்தில் சேராது. சோதிக்கப்படுபவருக்குப் பாடம் முன்கூட்டித் தெரியக்கூடாது. பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும். ஒன்று முதல் ஆறு வரை பள்ளிப் பிள்ளைகள். ஏழு, 'கணினி அறியாத வயதுவந்தவர்'.

"பாடத்தைவிட விதி பெருசா இருக்கேம்மா" என்றாராம் அதிகாரி.

"மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற சீட்டும் அப்படித்தான் சார்" என்றாளாம்.

'என்றாராம்', 'என்றாளாம்'. இந்தப் பகுதி முழுக்க 'ஆம்' போட்டிருக்க வேண்டும். எல்லாமே கேள்விப்பட்டவை.

3

இனி அந்த இன்னொருவன். கூட்டாளி என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதே பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்தவன். அவள் பாடத்தை யோசிப்பாள், அவன் அதைப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் எழுதுவான். உயரமானவன். சிரித்த முகம். (சிரித்த முகத்தை இரண்டு முறை அடித்துவிட்டேன். பாத்திரத்துக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று மூன்றாம் முறை சேர்த்திருக்கிறேன்.)

அவள் போன பிறகு மடிக்கணினி வீட்டிலேயே கிடந்தது. குறிப்பு எழுதுவதற்கு என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கண்ணாடிக் கடைக்காரன் அதைத் திறந்தான். பாட வரைவின் ஓரத்தில், வரிக்கு வரி, அவளும் கூட்டாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

'இந்த வாக்கியம் யாருக்குடா புரியும்?'

'உனக்குப் புரியாததெல்லாம் கஷ்டம்னு அர்த்தமில்ல.'

'சாப்டியாடா?'

'சாப்டேன். நீ?'

டா. கல்யாணமான ஆறு வருடத்தில் அவனை ஒரு நாளும் டா போட்டதில்லை. அவனுக்கு 'என்னப்பா', 'சொல்லுப்பா'. அப்பா என்பதில் பாதி. அவளுடைய நாளில் பத்து மணி நேரம் கூட்டாளிக்கு. மிச்சமும் களைப்பும் வீட்டுக்கு. பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, அலுவலக மாடிப்படியில், அவள் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தபோது பக்கத்தில் இருந்தவனும் கூட்டாளிதான். அவன் மடியில்தான் அவள் தலை—

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

4

கூட்டாளி மீது இருந்த வயிற்றெரிச்சல் ஒன்பது நாள் நீடித்தது. பிறகு அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. சோதனைக் குறிப்புகளின் பக்கத்தைத் திறந்துவிட்டான்.

பிள்ளைகளைப் பற்றி அவள் எழுதியவை ஒற்றை வரிகள். 'நான்கு: புரிந்தது.' 'இரண்டு: பாதி.' ஏழைப் பற்றி மட்டும் அப்படி இல்லை.

பாடம் 3. 'ஏழு தவறை ஒப்புக்கொள்ளவில்லை. காது மட்டும் சிவந்தது.'

பாடம் 9. 'ஏழு எவ்வளவு அழகாகத் தவறு செய்கிறான். இப்படி ஒருவன் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.'

பாடம் 15. 'ஏழு களைத்திருந்தான். எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.'

அதற்குக் கீழே கூட்டாளி: 'ஏழுக்குப் புரிஞ்சா நாட்டுக்கே புரிஞ்ச மாதிரி.'

அவள்: 'அவனைக் கிண்டல் பண்ணினா கையை உடைப்பேன்டா.'

அவன் கடையைத் திறக்கவில்லை. காது சிவக்கும் ஓர் ஆண். அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆண். அலுவலகத்தில் வாசலைக் கூட்டுகிறவனா, தேநீர்க் கடைக்காரனா, பேருந்தில் பழக்கமானவனா என்று ஒவ்வொருவராக நிற்கவைத்துப் பார்த்தான்.

வாசகரே, நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களிடம் மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். கதையில் மூடன் ஒருவன் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை துணிமணிகளைப் பிரித்துவைக்க வந்தாள். அவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"உங்கக்கா யாரைப் பத்தி எழுதியிருக்கா? உனக்குத் தெரியுமா?"

அவள் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். பிறகு சிரித்தாள். பதினோரு வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுறீங்க மாமா. உங்களுக்கு ஒண்ணு எடுத்து மாட்டிக்கக் கூடாதா?"

"ஏன்?"

"இது நீங்கதான்."

"நான் எங்க பாடம் படிச்சேன்?"

"இதோ, இப்பவும் பாருங்க" என்று அவள் அவனுடைய காதைக் காட்டினாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். அவன் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

5

அவள் இருந்தவரை, சாப்பாட்டு மேசையில் அவனிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"ஏம்ப்பா, இந்தச் சட்டையெல்லாம் எந்த வரிசையில அடுக்குவ?"

"கையில வர்ற வரிசையில."

"வழியே தெரியாத ஒருத்தனுக்கு நம்ம கடைக்கு வழி சொல்லு பார்ப்போம்."

"நேரா வரச் சொல்லு. வந்தா தெரியும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது பாடம் ஒன்பது. வழிமுறையில் ஒரு படியைக்கூட விடக்கூடாது என்பதற்கு உதாரணமாக, 'நேரா வந்தா தெரியும்' இப்போது புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் அச்சாகப்போகிறது.

அவன் அதையெல்லாம் பேச்சுத் துணை என்று நினைத்திருந்தான். வேலை என்று தெரியாது. வேலை என்று தெரிந்ததும் முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குள்ளும் அலுவலகமா? அடுத்து வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. அவள் 'பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்' என்று எழுதிய அந்த மாலை அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அந்த ஏழுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏழு கொடுத்துவைத்தவன். பொறாமைப்படுவதற்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் தன் சட்டையைப் போட்டிருந்தவனிடமே வந்து நின்றான்.

(இங்கே ஒரு பத்தி, பொறாமை என்றால் என்ன என்று, கட்டுரை போல எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் இருந்தால் 'இது யாருக்குப்பா புரியும்' என்றிருப்பாள்.)

சோதனைக் குறிப்புகளின் கடைசி வரி இது. அவள் போவதற்கு இரண்டு நாள் முன்பு எழுதியது.

'பாடம் 24. ஏழு: நாளை என்றான்.'

அந்தச் செவ்வாய் அவள் ஒரு பொத்தான் பெட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "பத்து நிமிஷம்ப்பா" என்றாள். கடையில் அன்று கூட்டம். "நாளைக்கு" என்றான். புதன்கிழமையும் கூட்டம்.

6

தங்கை வந்துபோன மறுநாள் கூட்டாளி தொலைபேசியில் அழைத்தான்.

"சார், வெள்ளிக்கிழமை குழு கூடுது. புத்தகம் அச்சுக்குப் போகுது. கடைசிப் பாடத்துக்கு மட்டும் ஒரு சோதனை பாக்கி. ஏழாவது ஆள்."

"தெரியும். நான்தான்."



"எப்ப தெரிஞ்சது சார்?"

"நேத்து. உங்களுக்கு?"

"நாலு வருஷமா."

அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

"வேற யாரையாவது வெச்சுப் பண்ணிக்குங்க."

"முடியாது சார். அதே ஏழு பேர்னு விதி. அவ போட்ட... அவங்க போட்ட விதி. நீங்க உட்காரலேன்னா இருபத்துமூணு பாடத்தோட புத்தகம் போயிடும். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது இந்தப் பாடம்தான்." பிறகு தயங்கிக் கேட்டான்: "நீங்க வரைவு முழுக்க வாசிச்சீங்களா? இருபத்துநாலை மட்டும் வாசிச்சிருக்கக் கூடாது. வாசிச்சிருந்தா சோதனை செல்லாது."

"வாசிக்கல" என்றான்.

பொய். எல்லாவற்றையும் வாசித்திருந்தான். கூட்டாளி அவளை எங்காவது 'கண்ணு' என்றோ 'செல்லம்' என்றோ கூப்பிட்டிருக்கிறானா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடியவன், கடைசிப் பாடத்தை மட்டும் விட்டுவைப்பானா?

பாடம் இதுதான். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பு, 'எப்போது நிறுத்துவது?' மாணவன் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியிலிருந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க வேண்டும். எப்போது நிறுத்துவேன் என்பதை முன்கூட்டியே அட்டையில் எழுதிவிட வேண்டும். எழுதியதை மாற்றக்கூடாது. எல்லாரும் 'பெட்டி காலியானதும்' என்றுதான் எழுதுவார்கள். எதிரே இருப்பவர் சத்தமில்லாமல் மேசையிலிருந்து பொத்தான்களை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டி காலியாகாது. மாணவன் நிறுத்தவும் முடியாது. வரவே வராத ஒன்றுக்காகக் கணினியும் இப்படித்தான் காத்துக்கிடக்கும். ஆகவே நிறுத்தும் விதி, வந்தே தீரக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

7

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டாளி வந்தான். காலணியைக் கழற்றியவன் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் நின்றான். மேசைக்கு இருந்ததே இரண்டு நாற்காலி. அவன் அவளுடையதைக் காட்டினான். காட்ட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெட்டி அவளுடைய அலமாரியில் இருந்தது. திறந்தார்கள். எல்லாம் சட்டைப் பொத்தான்கள். வெள்ளை, நீலம், ஒன்று பச்சை. அந்தப் பச்சை எந்தச் சட்டையில் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். கூட்டாளிக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு அற்பமான ஒரு திருப்தி. அதையும் எழுதிவைக்கிறேன்.

அட்டையில் எழுதினான்: 'பெட்டி காலியானதும் நிறுத்துவேன்.' கண்ணை மூடினான். எடுத்தான், வைத்தான். எடுத்தான், வைத்தான். கூட்டாளியின் சட்டைக் கை மேசையில் உரசுவது கேட்டது. அந்தக் கை இருந்த இடத்தில் வேறொரு கை இருந்திருக்க வேண்டும். ஒரு செவ்வாய் முன்னதாக, இல்லை, பன்னிரண்டு செவ்வாய் முன்னதாக.

சுவர்க்கடிகாரம் மூன்று அடித்தது. பிள்ளைகள் அதிகபட்சம் நாலு நிமிடத்தில் "ஏமாத்துறீங்க" என்று கத்திவிடுவார்களாம். அவன் இருபது நிமிடமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்திக்கலாமா சார்?"

"பெட்டி இன்னும் காலியாகலையே."

உரசல் நின்றது.

"சார். நீங்க இதை வாசிச்சிட்டீங்க. இல்லையா?"

8

இந்த இடத்தில்தான் பதினாறு நாளாக நிற்கிறேன். குழு எப்போதோ கூடிக் கலைந்துவிட்டது. என்ன முடிவானது என்று எனக்குத் தெரியும். ஆனால் கதையில் அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

முடிவு ஒன்று. "ஆமா, வாசிச்சிட்டேன்" என்கிறான். கூட்டாளி அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான். புத்தகம் இருபத்துமூன்று பாடங்களோடு வருகிறது. அவளுடைய விதி பிழைக்கிறது. அவளுக்குப் பிடித்த பாடம் போகிறது.

முடிவு இரண்டு. "வாசிக்கல" என்கிறான். கூட்டாளிக்குப் பொய் என்று தெரியும். தெரிந்தே 'ஏழு: பெட்டி காலியாகும் வரை என்றான்' என்று எழுதிக்கொள்கிறான். பாடம் பிழைக்கிறது. அவளுடைய வாழ்நாள் வேலையில் ஒரே ஒரு பொய், இவர்கள் இருவரும் சேர்ந்து சொன்னது. அவளுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குள் முதன்முறையாக.

(வாசித்திருக்காவிட்டாலும் அவன் அதையேதான் எழுதியிருப்பான். இதை யாரிடம் நிரூபிப்பது?)

இது தெளிவா இருக்கா? இது தெளிவா இருக்கா?

கடையில் சிலர் சொல்வார்கள், ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்று. அப்போது அவர்களையே ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்வேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். முதலாவதா, இரண்டாவதா, நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை.

அதுவரை அவன் கண்ணைத் திறக்கமாட்டான். கை பெட்டிக்குள் போகிறது. இன்னும் ஒன்று இருக்கிறது. எடுத்து வைக்கிறான். எதிரே இருப்பவர் யார் என்று அவன் பார்க்கவில்லை.