முழங்கால், தொடை, தோள்

"கால் விரல்ல இருந்து ஆரம்பிக்கலாம் அக்கா. விரலை இறுக்கி, மெதுவா விடு."

போர்வைக்கு அடியில் எதுவும் அசையவில்லை. தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். சில்லிட்டிருந்தது.

அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஒரு விபத்தில் முறிந்த எலும்பு கூடியது. இடுப்பு வலி மட்டும் போகவேயில்லை. மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். வலியோடு மல்லுக்கட்டாமல் மூச்சைக் கவனிக்கவும், உடம்பை ஒவ்வொரு பாகமாகத் தளர்த்தவும் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தார். வலிக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னார். அக்கா 'மாமியார்' என்று வைத்தாள். "இன்னைக்கு மாமியார் நல்ல மூடுல இருக்கா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்பாள். வலி போகவில்லை. ஆனால் அவள் மறுபடியும் கடைக்குப் போனாள். கூடவே உட்கார்ந்து கேட்டதில் தம்பிக்கும் எல்லாம் மனப்பாடம்.

இந்த முறை நுரையீரல் நோய். டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மூக்கால இழு. வயிறு மேல வரட்டும்."

"எங்கடா இழுக்கறது..." குரல் வெறும் காற்றாக வந்தது.

"முடிஞ்ச வரைக்கும்."

"நீ சொல்றது காதுல விழுது. உடம்புதான் கேக்க மாட்டேங்குது."

அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. "முழங்கால்" என்றான். "இப்ப தொடை."

அக்காவின் மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். "போதும் மாமா. அம்மாவை விடுங்க."

"விட்டுட்டு?"

அவள் உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வயிறு, நெஞ்சு என்று மேலே வந்தான். "தோளைத் தளர்த்து அக்கா" என்றபோது தோள் தானாகவே தளர்ந்தது. அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

மகள்தான் முதலில் அழுதாள்.

பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். அக்காவின் கண்களை மூடி, மடங்கியிருந்த கால்களை நீட்டிவிட்டாள். தம்பி அவசரமாக ஒரு தலையணையை எடுத்து வந்து அக்காவின் முழங்காலுக்கு அடியில் செருகப் போனான். காலை நீட்டினால் அவளுக்கு இடுப்பு இழுக்கும்.

"இனி வேண்டாம்ண்ணா."

அவன் தலையணையோடு அங்கேயே நின்றான். பிறகு அதன் உறையில் இருந்த சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட ஆரம்பித்தான்.