வெட்டிய தடுப்பு

ஜீப்பை விட்டு இறங்கியதுமே பெமிலா வளைவை நோக்கி ஓடினாள்.

இராஜாக்கமங்கலம் தாண்டிய குளத்து வளைவு அது. சாலையோர இரும்புத் தடுப்பை யாரோ நடுவில் அறுத்து எடுத்திருந்தார்கள். மிச்சத் தகட்டின் முனை, வருகிற வண்டிகளைப் பார்த்து அரிவாள்மனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அந்தோணியார் கோயில் திருவிழாக் கொடியேற்று. வேனும் பஸ்ஸுமாய்க் குவியப்போகிற வளைவு.

முனையைச் சாலைக்கு வெளியே வளைத்து மண்மேட்டுக்குள் புதைத்துவிட்டால் ஆபத்தில்லை. அதற்குத்தான் நெடுஞ்சாலை இன்ஜினியர் பெமிலா ஆட்களோடு வந்திருந்தாள்.

ஆட்கள் இறங்குவதற்குள் ஒரு புதுக் கார் சீறி வந்து, மூக்கை முனைமேல் முட்டினாற்போல் நின்றது. திருவிழாக் கமிட்டித் தலைவர் ததேயுஸ். பக்கத்து சீட்டில் அவர் மகள் லிஜா.

"ஒருத்தன் இதுல கை வச்சா, கை இருக்காது!"

"சப்பரம் போற வழிய நான் அடைக்கல்ல அண்ணாச்சி. முனைய மட்டும்..."

"போன வருசம் தடுப்பு போட்டது யாரு? சப்பரம் கடக்கரை ரோட்டுக்குத் திரும்ப முடியாம அந்தோணியாரு வெயில்ல காஞ்சாரு. அதான் நாங்களே அறுத்தோம். ஒங்க புராட்டஸ்டண்டு சபையில சப்பரம் கிடையாதுல்லா? அதான் இளப்பம்!"

அதற்குள் கூடிவிட்ட ஊர்க்காரர்கள் ஊளையிட்டார்கள். போன வருசம் தடுப்புக்கு அளவெடுக்கும்போது சப்பரத்தைப் பற்றி யாரிடமும் கேட்காதது அவள் தப்புதான். அதை இப்போது ஒத்துக்கொண்டால் ஏறி மிதித்துவிடுவார்கள்.

"சபைய விடுங்க. குனிஞ்சு பாருங்க. இந்தத் தகடு நேரா உள்ள போனா எங்க போயி நிக்கும்?"

"மெரட்டுதியா?"

"பயமா இருந்தா பாக்காண்டாம்."

அது சுட்டது. ததேயுஸ் இறங்கிக் குனிந்தார். தகடு. இடது விளக்கு. அதற்கு நேர் பின்னால், மிட்டாய்ப் பொட்டலம் வைத்திருந்த லிஜாவின் மடி.

நிமிர்ந்தவரின் முகம் கறுத்திருந்தது.

"ஏட்டி லிஜா, எறங்கிப் பின்னால போயி இரி."

பெமிலா விடவில்லை. "ஒங்க மவ பின்னால போயிட்டா. பஸ்ஸுல வாறவங்க எங்க போயி இரிப்பாங்க?"

ஊளையிட்டவர்களில் இரண்டு பேர் குனிந்து முனையைப் பார்த்தார்கள். ததேயுஸ் காறித் துப்பிவிட்டுக் காரில் ஏறினார்.

"இந்த வருசமும் சப்பரம் எங்கயாவது முட்டுச்சுன்னு வையி, ஒன் ஜீப்ப இந்தக் குளத்துல தள்ளுவேன்."

"தள்ளுங்க. இப்ப கார எடுங்க."

கார் உறுமிக்கொண்டு பின்வாங்கியது.