மூடிக்குக் கீழே

பணிமனையில் அவரைப் "பொறுமை" என்றால்தான் தெரியும். பேருந்து ஓட்ட வந்த புதிதில் வைத்த பெயர். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கை ஓய்ந்தாலும் அவர் பாட்டுக்குத் தன் வேகத்தில் போவார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த பிறகும் உதிரவில்லை.

இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் பொறுமை ஓர் இன்ஜினின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. பணிமனை விதி அப்படி. ஓட்டுநர் ஓட்டலாம், சத்தம் வந்தால் சொல்லலாம், கை மட்டும் வைக்கக் கூடாது. சாவியைத் திருப்பினால் ஓடும், மறுபடி திருப்பினால் நிற்கும். அவருக்குத் தெரிந்த இயந்திர சாஸ்திரம் அவ்வளவுதான். சொந்தமாக ஒரு பழைய சின்னக் கார் வாங்கிய பிறகும் பானெட்டைத் திறப்பது கண்ணாடி கழுவுகிற தண்ணீர் ஊற்றத்தான். ஊற்றியதும் டமாலென்று மூடிவிடுவார், அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்காமல் போவதைப் போல.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில், இதய ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். தெருவே "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடும். கட்டிய புருஷன் அப்படிக் கூப்பிட முடியுமா? அதனால் பொறுமை மட்டும் "இங்க பாரு" என்பார். சிஸ்டரும் பார்ப்பார்.

மகள் வேறு ஊரில் இருந்தாள், நிறைமாதம். மறுநாள் விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம். ஆயில் மாற்ற வேண்டிய கெடு தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. வழக்கமான ஒர்க்‌ஷாப்காரர், "ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டு வாங்க, கையில ஏகப்பட்ட வண்டி" என்று போனை வைத்துவிட்டார்.

சிஸ்டரின் தம்பி உதிரிபாகக் கடை வைத்திருந்தான். விஷயம் கேள்விப்பட்டதும் காலையிலேயே வந்து இறங்கினான். ஒரு கேன் ஆயில், புது ஃபில்டர், ஒரு செப்பு வாஷர், முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்த இரண்டு இரும்புச் சரிவுகள், ஒரு பழைய டப்.

"இதென்ன மாமா, பெரிய வித்தையா? கீழ போல்டைக் கழட்டுங்க, கறுப்பு போகட்டும். ஃபில்டரை மாத்துங்க. போல்டைப் போடுங்க, மேல ஊத்துங்க. கொழந்தைக்கு மருந்து குடுக்கிற மாதிரி."

"கொழந்தை துப்பிடுச்சுன்னா?"

"துப்பாது மாமா" என்று சிரித்துவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டான்.

பொறுமை கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினார். பிறகு காரைச் சரிவில் ஏற்றினார். பேருந்தை ஒரு முடுக்குக்குள் ஒற்றைக் கையால் திருப்புகிறவருக்கு, அந்த ஒரு முழ ஏற்றத்தில் நெற்றி வியர்த்தது. ஏற்றி நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்தார். கொடுத்த செங்கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். மறுபடியும் உதைத்துப் பார்த்தார்.

சிஸ்டர் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை நாலாய் மடித்துத் தரையில் விரித்தார். ஸ்பேனர், ஃபில்டர், வாஷர், துணி, டார்ச் எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக வைத்தார். ஆஸ்பத்திரிக் கையுறை ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டார்.

"கழட்டுற ஒவ்வொண்ணையும் என் கையில குடுங்க. உங்க பாட்டுக்குக் கீழ வைக்காதீங்க."

"ஆபரேஷனா பண்ணப் போறோம்?"

"எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு முறைதான்."

பொறுமை பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து, மல்லாந்து, தோளால் நகர்ந்து உள்ளே போனார். தினமும் மேலே உட்கார்ந்து போகிற காரின் வயிறு, மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. குழாய்கள், தகடுகள், சேறு, எங்கோ ஓட்டிப்போன மழைநாளில் ஒட்டிக்கொண்ட ஓர் இலை. நடுவே, தனியாக, ஒரு போல்ட். ஸ்பேனரைப் பொருத்தி இழுத்தார். அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார்.

"எந்தப் பக்கம் திருப்புறீங்க?" என்றார் வெளியே இருந்து சிஸ்டர்.

"கழட்டுற பக்கம்."

"கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா திருப்பணும்."

"எங்க இருந்து பாக்கிற கடிகாரம்? நான் தலைகீழா கிடக்கேன்."

சிஸ்டர் குனிந்து பார்த்தார். "இன்னும் இறுக்கிட்டு இருக்கீங்க."

திசை மாறியதும் போல்ட் ஒரு முனகல் முனகி விட்டுக்கொடுத்தது. கடைசிச் சுற்றுகளை விரலால் திருப்பினார். போல்ட் கழன்ற நொடியில் ஆயில் அவர் நினைத்த இடத்தில் விழவில்லை. கறுப்புக் கயிறு போல வளைந்து சீறி, அவருடைய முழங்கையை நனைத்துக்கொண்டு டப்பின் விளிம்பில் அடித்தது. அவர் அலறியபடி டப்பை இழுத்துச் சரியாக வைத்தார்.

"சுட்டுடுச்சா?"

சிஸ்டர் குனிந்து டார்ச் அடித்தார்.

"என்னங்க?"

"சுடல" என்றார் பொறுமை. "வெதுவெதுன்னு இருக்கு. காய்ச்சக்காரன் உடம்பு மாதிரி."

வாஷரோடு போல்டை நீட்டினார். சிஸ்டர் அதை வாங்கித் துடைத்து விரிப்பில் வைத்தார். பொறுமை வெளியே வரவில்லை. கயிறு மெலிந்து நூலாகி, நூல் அறுந்து சொட்டாகிற வரை பார்த்துக்கொண்டே கிடந்தார். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மகள் வீட்டுக்கும் போனபோதெல்லாம் இது உள்ளே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் இதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அத்தனை தூரம் போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

ஃபில்டர் பக்கவாட்டில் இருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். கழன்றது. அதையும் நீட்டினார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் இறுக்கினார். புது வாஷரோடு போல்டையும் மாட்டினார். வெளியே வந்து முதுகை நிமிர்த்தி, ஆயில் கேனைத் தூக்கி, மூடியைத் திருகப் போனார்.

"ஊத்தாதீங்க" என்றார் சிஸ்டர்.

அந்தக் குரலைப் பொறுமை வீட்டில் கேட்டதே இல்லை. சத்தமில்லை, கோபமில்லை. ஆனால் அதை மீற முடியாது. கேன் அந்தரத்தில் நின்றது.

"எண்ணிக்கை சரியா வரல."

"என்ன எண்ணிக்கை?"

"போல்ட் வெளிய வந்துச்சு, உள்ள போயிடுச்சு. பழைய வாஷர் இங்க இருக்கு, புதுசு உள்ள. பழைய ஃபில்டர் இங்க இருக்கு." சிஸ்டர் அதைத் திருப்பிக் காட்டினார். விளிம்பில் ஒரு வட்டப் பள்ளம், வெறுமையாக இருந்தது. "புதுசுல இந்தப் பள்ளத்துல ஒரு ரப்பர் வளையம் இருந்துச்சு. இதுல எங்க?"

"டப்புல விழுந்திருக்கும்."

சிஸ்டர் கையுறையோடு கையைக் கறுப்பு ஆயிலுக்குள் விட்டு, டப்பின் அடி முழுக்க மெல்லத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் பார்க்கிறவர் போல. கையை எடுத்தார்.

"இல்ல. வெளிய வரலைன்னா உள்ளதான் இருக்கு."

பொறுமை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கீழே போனார். புது ஃபில்டரைக் கழற்றினார். டார்ச் அடித்தார். ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டிய பிறகுதான், இன்ஜினில் ஃபில்டர் உட்காரும் முகத்தில் கறுப்போடு கறுப்பாக அப்பிக்கொண்டிருந்த பழைய வளையம் உரிந்து வந்தது. அதன்மேல்தான் புதியதை வைத்து இறுக்கியிருக்கிறார்.

மச்சானுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"மாமா... சொல்ல மறந்துட்டேன். ரெண்டு வளையம் இருந்தா பிடிக்காது. முதல்ல ஒண்ணும் தெரியாது. வேகம் எடுத்ததும் பிதுங்கிடும். ஆயில் மொத்தமும் ரோட்டுல. அப்புறம் இன்ஜின் அப்படியே இறுகி நின்னுடும்."

"ஓடிட்டு இருக்கும்போதா?"

"ஓடிட்டு இருக்கும்போதுதான்."

பொறுமை போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மறுநாள் போகவிருந்த நெடுஞ்சாலை, பக்கத்தில் இரைந்து போகிற லாரிகள், முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி எல்லாம் கண்முன் வந்து போயின. சிஸ்டர் உள்ளங்கையில் அந்த வளையத்தை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை விரிப்பில், பழைய ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப சரி" என்றார்.

"இங்க பாரு. அங்கயும் இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"மூடுறதுக்கு முன்னாடி எண்ணுவோம். துணி, ஊசி, கத்திரி, எல்லாம். ஒண்ணு குறைஞ்சாலும் டாக்டர் தைக்க முடியாது. எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும், 'சரி'ன்னு நான் சொல்லணும்."

பொறுமைக்கு இது செய்தி. தினமும் மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறவர், இறக்கிவிடும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை மணிக்கு வரணும்?"

மறுபடி ஃபில்டரை மாட்டினார்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் பொறுமை கேனை எடுக்காமல் டார்ச்சை எடுத்தார். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

உள்ளே அழுக்கு இல்லை. வெளியெல்லாம் தூசியும் துருவும். உள்ளே, செதுக்கி மெருகேற்றிய உருக்கு. முட்டை வடிவத்தில் ஒரு வளைவு, ஆயில் பூச்சில் பொன்னிறமாக மின்னியது. பக்கத்தில் இன்னொன்று, வேறு கோணத்தில். யாருமே பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் இத்தனை வழவழப்பாக யாரோ செய்து, மூடி வைத்திருக்கிறார்கள்.

"நீயும் பாரு" என்று நகர்ந்து இடம் விட்டார்.

சிஸ்டர் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார் மெதுவாக.

"இது ஒரு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்துமாம். நான் மேல உக்காந்துக்கிட்டு சிக்னல் எப்ப விழும்னு திட்டிட்டு இருக்கேன்." டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்: "நீ முதல் தடவை இதயத்தைப் பாத்தப்போ எப்படி இருந்துச்சு?"

சிஸ்டர் நிமிர்ந்தார். "இதை யாருமே என்கிட்ட கேட்டதில்லைங்க."

"நான் இப்பக் கேக்கிறேன்."

"வேலை பண்றதுக்காக அதை நிறுத்தி வெச்சிருப்பாங்க. எல்லாம் முடிஞ்சதும் மறுபடி ரத்தத்தை விடுவாங்க. அப்ப கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. அது சும்மா கிடக்கும். அப்புறம் ஒரு ஓரத்துல லேசா, மீன் வாலாட்டுற மாதிரி ஒரு அசைவு. அப்புறம் தானாவே அடிக்க ஆரம்பிச்சிடும்."

"தானாவா?"

"முக்காவாசி தானாதான். சில சமயம் கரண்ட் வெச்சு ஒரு தட்டு தட்டணும். அன்னிக்குத் தானா வந்துச்சு. நான் மாஸ்குக்குள்ள அழுதுட்டேன். கை சுத்தமா இருக்கணுமே, துடைக்கவும் முடியாது. மூக்கு ஒழுக ஒழுக நின்னேன்."

"இப்பவும் அழுகை வருதா?"

"வராது. ஆனா அந்த நேரத்துல மட்டும் இன்னும் மூச்சு விட மாட்டேன்."

பொறுமை மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். இந்தக் கையுறைக் கைகளோடு ஒரே வீட்டில் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. இந்தக் கைகள்தான் வெங்காயம் நறுக்கின, சட்டைக்குப் பொத்தான் தைத்தன, கரண்ட் பில்லை அவர் மறந்தபோதெல்லாம் கட்டின.

"என்ன அப்படிப் பாக்கிறீங்க? ஊத்துங்க. இதுக்கு ஸ்டார்ட் பண்ணச் சாவி இருக்கு, அது ஒரு வசதி."

புது ஆயில் தேன் நிறத்தில், சத்தமில்லாமல் மடிந்து மடிந்து இறங்கியது. அளவுக் குச்சியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவிப் பார்த்தார்கள். பொறுமை உள்ளே உட்கார்ந்தார். ஆயிரமாயிரம் தடவை திருப்பிய சாவி. அன்று அதைத் திருப்புமுன் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார்.

திருப்பினார். இன்ஜின் பிடித்தது. ஆனால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது, அணையவில்லை. அவர் மூச்சை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே சிஸ்டரும் விடவில்லை என்பது தெரிந்தது.

விளக்கு அணைந்தது.

சிஸ்டர் சட்டென்று குனிந்து, கன்னம் தரையில் படக் கீழே டார்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார். "ஒரு சொட்டு இல்ல" என்று எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. காரைச் சரிவிலிருந்து இறக்கி, அளவை மறுபடி பார்த்து, பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, மச்சான் கடையில் திரும்பக் கொடுக்க எடுத்து வைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலை கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பொறுமை கேட்க ஆரம்பித்தார். நின்ற இதயத்துக்குப் பதில் அதுவரை எது ரத்தத்தை ஓட்டும்? கரண்ட் போனால்? எண்ணிக்கை சரியே வராமல் போன நாள் உண்டா? சிஸ்டர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெரிய டாக்டரைத் தையல் போடவிடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, குப்பைக்கூடையைக் கவிழ்த்து ஊசி தேடிய கதையில் பொறுமை வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்தார். பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. சிஸ்டர் மகளுக்குப் போன் பேசிக்கொண்டிருக்க, பொறுமை போய் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீ கிளாஸோடு ஒரு லாரி டிரைவர் வந்தார்.

"என்ன அண்ணே, ரிப்பேரா? கை கொடுக்கட்டுமா?"

"ரிப்பேர் இல்ல தம்பி."

"பின்ன என்ன பாக்கிறீங்க?"

"ஓடுதுல்ல" என்றார் பொறுமை. "அதைத்தான்."

லாரி டிரைவர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்ஜினைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் பொறுமை நினைத்தார். போகவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் பேசி முடித்து வந்த சிஸ்டர், எதுவும் கேட்காமல், நடுவில் கிடைத்த இடத்தில் தலையை நீட்டினார்.