மேடத்துக்குக் கேக்கலையாம்

பெரகல சந்தியில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் விஜயலெட்சுமிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கொம்பியூட்டர்தான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குள் அவள் அதன் மண்டையில் ஏழெட்டுத் தட்டுத் தட்டியிருந்தாள். சத்தம் அடியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, செத்துத் தொலைந்தது என்று விட்டுவிடலாம். சத்தம் வந்தது. கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே இருப்பவர்களைக் கூப்பிடுவதுபோல வந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் யாரோ பாடுவது தெரிந்தது. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக்கூடாது.

வேறு நாளாக இருந்தால் அவள் கவலைப்பட்டிருக்கமாட்டாள். ஃபோட்டோ கொப்பி அடிப்பதற்கும், ஐடென்டிட்டி காட்டுக்கு விண்ணப்பம் நிரப்புவதற்கும் ஸ்பீக்கர் எதற்கு? ஆனால் இன்றைக்கு மூன்றரை மணி வீடியோ கோலுக்கு இராக்கம்மா வருகிறாள்.

இராக்கம்மா கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். ஒரே மகள் கனகேஸ்வரி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் நாலு வருஷம் ஆகிறது. இடையில் அப்பன் செத்தபோதுகூட வர முடியவில்லை. இங்கே மண் தள்ளி முடித்து மூன்றாம் நாள்தான் அவளுக்கு விஷயமே தெரியும். அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி வீட்டுக்கார மேடம் பிடிவாதமாக நிற்கிறாளாம்.

போன கிழமை கனகேஸ்வரி கடைக்குப் போன் எடுத்து விஜயலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "மேடம் கெட்டவங்க இல்லக்கா. எனக்கு முன்னாடி இருந்த புள்ள, அம்மாவுக்கு சீரியஸ்னு பொய் சொல்லிட்டுப் போயிருச்சாம். அதனால நான் சொல்றத நம்பமாட்டேங்கிறாங்க. அம்மா மூஞ்சியப் பாத்து அவங்களே கேக்கணுமாம். வரட்டும்னு அம்மா வாயால சொன்னா அனுப்பிருவாங்க. இருக்கட்டும்னு சொன்னா அன்னைக்கே கையெழுத்துப் போடணும்."

"நீ என்ன நெனைக்கிற?" என்று விஜயலெட்சுமி கேட்டாள்.

"எனக்கு வீட்டுக்கு வரணும்க்கா," என்றாள் கனகேஸ்வரி.

இப்படி ஒரு பெண்ணின் இரண்டு வருஷம் இந்தப் பெட்டியின் வாயில் தொங்கிக்கொண்டிருக்க, பெட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஸ்பீக்கரின் திருகை விஜயலெட்சுமி கடைசிவரை திருகினாள். பின்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஊதிச் சொருகினாள். பச்சை முனையைச் சிவப்புத் துளையில் போட்டுப் பார்த்தாள், இருந்த கொஞ்சச் சத்தமும் போனது. திரும்பப் பச்சையிலேயே போட்டாள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை மொஹிதீன் எட்டிப் பார்த்து, "பனி எறங்கினா எங்கட ரேடியோவும் இப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே நல்ல வெயில்.

அவளுடைய சந்தேகமெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இளவட்டங்கள்மேல்தான். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரைக் கிழித்துவிட்டார்கள். இனிமேல் ஒருத்தன் இந்த வாசல்படியில் கால் வைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டு, பண்டாரவளையில் கொம்பியூட்டர் திருத்தும் தினேஸுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஸ்பீக்கர் செத்திருந்தா கரகரன்னு வரும். கரகரப்பு இருக்கா?"

"இல்ல. சுத்தமாத்தான் இருக்கு, மெதுவா இருக்கு."

"அப்ப உள்ளதான் கொறைஞ்சிருக்கு. கீழ மணி காட்டுற எடத்துக்குப் பக்கத்துல சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கா? அத ரெண்டு தடவ தட்டுங்க."

தட்டினாள். கட்டம் ஒன்று திறந்தது. அதில் வரிசையாக நாலைந்து கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு பொத்தான். முதல் பொத்தான் உச்சியில்தான் இருந்தது.

"அதுக்குப் பக்கத்துல வேவ்னு ஒண்ணு இருக்கும். அது எங்க நிக்கிது?"

அது அடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் விஜயலெட்சுமிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அந்த இளவட்டங்களின் பாட்டுத் தாங்காமல், ஸ்பீக்கர் திருகைக் குறைத்தால் திரும்பக் கூட்டிவிடுவார்கள் என்று, அவளே இந்தக் கட்டத்தைத் திறந்து கையில் அகப்பட்டதை இழுத்து அடியில் விட்டிருந்தாள். விட்டதோடு மறந்தும் போயிருந்தாள்.

"யாரு கொறைச்சாங்க?" என்றான் தினேஸ்.

"யாரோ எருமமாடு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பொத்தானை மேலே தள்ளியதும் பாட்டு கடையை விட்டுத் துள்ளி ரோட்டுக்குப் போனது. அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்தபோது கொஸ்லந்தை பஸ் வந்து நின்றது.

இராக்கம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். நல்ல சேலை உடுத்தி, எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தாள். விரல் நுனிகளில் மட்டும் கொழுந்துக் கறை போகவில்லை, அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்லப் போறீங்கக்கா?" என்று விஜயலெட்சுமி கேட்டாள்.

"வரச்சொல்லத்தான் போறேன், தாயி. பஸ்ஸுல வாறப்பவே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். நாலு வருஷமாச்சு. ராவானா அந்த ஒத்தைக் காம்பிரா வீட்டுல நானும் செவுரும்தான் இருக்கோம். சல்லி போதும், புள்ளதான் வேணும்."

"அத அப்பிடியே சொல்லுங்க, போதும்."

மூன்றரைக்குக் கோல் வந்தது. படத்தில் கனகேஸ்வரி தெரிந்தாள். இராக்கம்மாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மெலிந்திருந்தாள் மகள். தலையில் துணி கட்டியிருந்தாள். "அம்மா," என்று அவள் கூப்பிட்டது பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. தன் எருமைத்தனத்தை நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டோமே என்று விஜயலெட்சுமிக்கு நிம்மதியாக இருந்தது.

"கனகா... சாப்பிட்டியாடி?" என்றாள் இராக்கம்மா. கண்ணீர் தாரைதாரையாக வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள், சிரித்தார்கள். எதற்கும் குறைச்சல் இல்லை. சத்தம் இரண்டு பக்கமும் நன்றாகவே போய்வந்தது.

அப்புறம் மேடம் வந்தாள். கனகேஸ்வரி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். மேடத்துக்குத் தடித்த உடம்பு, பொன் விளிம்புக் கண்ணாடி, சோபாவுக்கே சொந்தமான முகம். மேடம் கெமராவைப் பார்த்துத் தலையசைத்தாள். இராக்கம்மா உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து படக்கென்று எழுந்தாள். எழுந்தவள் மூன்று அடி பின்னால் போனாள். முந்தானை வாய்க்கு வந்தது. முதுகு தானாக வளைந்தது.

மேடம் தன் பாஷையில் நீளமாக ஏதோ கேட்டாள். கனகேஸ்வரி தமிழில் சொன்னாள்: "அம்மா, மேடம் கேக்கிறாங்க. என்னைய சொந்தப் புள்ள மாதிரிப் பாத்துக்கிறாங்களாம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமானு கேக்கிறாங்க. நீ என்ன சொல்ற?"

இராக்கம்மா முந்தானைக்குள் ஏதோ முனகினாள்.

மேடம் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "அம்மா, மேடத்துக்குக் கேக்கலையாம்," என்றாள் கனகேஸ்வரி.

இதென்ன புதுச் சனியன் என்று விஜயலெட்சுமி குனிந்து அந்தக் கட்டத்தைத் திரும்பத் திறந்தாள். மைக்குக்கும் ஒரு கோடு இருந்தது. அதைப் பிடித்து மேலே தள்ளப்போன நேரத்தில், பக்கத்தில் நின்ற அவள் காதுக்கு மட்டும் அந்த முனகல் இரண்டாம் தடவை கேட்டது.

"சரிங்க, தொரசாணி."

பொத்தானை மேலே தள்ள எடுத்த விஜயலெட்சுமியின் கை, அவளைக் கேளாமலே அதைக் கீழே இழுத்து அடியில் விட்டது.

அந்தச் சரிங்கவை அவள் அறிவாள். அவளுடைய அப்பாவும் அதைத்தான் சொல்வார். தோட்டத்து ஒப்பீஸ் ஜன்னலுக்கு வெளியே, மூன்று அடி தள்ளி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து தொரை என்ன கேட்டாலும் சரிங்கதான். லயத்து வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வந்தது வாயில் வரும். அப்போது அதைக் கேட்க அம்மாவைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். இராக்கம்மாவுக்கு மேடம் கேட்டது கேள்வியே இல்லை. நாற்காலியில் இருப்பவர்கள் கேட்டால் நிற்பவர்கள் சரிங்க சொல்லவேண்டும். அவள் முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறாள்.

"என்னக்கா சொன்னீங்க?" என்றாள் விஜயலெட்சுமி மெதுவாக.

இராக்கம்மா திருதிருவென்று விழித்தாள். "அந்தம்மா கேட்டாங்களே, தாயி. மூஞ்சிக்கு நேரா எப்பிடி இல்லைங்கிறது?"

"பஸ்ஸுல சொல்லிப் பாத்தீங்களே, அது எங்க?"

"அது இருக்கு," என்று இராக்கம்மா நெஞ்சைத் தொட்டாள். "வர மாட்டேங்குது. நீயே சொல்லிரு, தாயி. நீ படிச்சவ."

"நான் சொன்னா செல்லாதுக்கா. அவங்க ஒங்க வாயத்தான் கேக்கிறாங்க."

படத்தில் கனகேஸ்வரியின் முகம் பரிதாபமாக இருந்தது. "அம்மா? அக்கா? ஒண்ணுமே கேக்கல," என்றாள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மேசைமேல் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தது இப்போதுதான் விஜயலெட்சுமியின் கண்ணில் பட்டது.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரம் என்று அவளுக்கே தெரியவில்லை. மேடம்மேல் இல்லை, அந்த மனுஷி கேட்டாவது கேட்கிறாள். இராக்கம்மாமேல் நிச்சயமாக இல்லை. ஃபோட்டோ கொப்பி மெஷினிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள், இரண்டு துண்டு செலோ டேப் கிழித்தாள். படத்தில் மேடம் இருந்த பக்கத்தை அப்படியே மறைத்துத் தாளை ஒட்டிவிட்டாள். மேடமும் நாற்காலியும் பேனாவும் காகிதமும் தாளுக்குப் பின்னால் போனார்கள். ஓரத்தில் நின்ற கனகேஸ்வரி மட்டும் மிஞ்சினாள்.

"அக்கா, இப்ப ஒங்க மக மட்டுந்தான். தொரசாணி இல்ல, யாருமில்ல. கனகா அங்கிட்டு மலையில நிக்கிறா. பொழுது சாயுது, மழ இருட்டிக்கிட்டு வருது. நீங்க லயத்து வாசல்ல நிக்கிறீங்க. என்ன செய்வீங்க?"

இராக்கம்மா தாளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். முந்தானை வாயிலிருந்து நழுவி விழுந்தது. முன்னால் வரவில்லை, அதே மூன்று அடி தூரத்தில்தான் நின்றாள். ஆனால் வளைந்த முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தாள். விஜயலெட்சுமி மைக்குப் பொத்தானை மேலே தள்ளினாள்.

"கனகாஆ... ஏ கனகாஆ... வாடீ... வீட்டுக்கு வந்துரு தாயீ..."

தேயிலை மலையில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிற குரல் அது. எட்டடி அகலக் கடை அதைக் கொள்ளுமா? கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மொஹிதீன் தேத்தண்ணி ஆற்றிய கோப்பையோடு ஓடிவந்து வாசலில் நின்றார்.

"வந்துரு தாயீ... என்னால இருக்க முடியலடீ... வந்துரு..."

கனகேஸ்வரி தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பிறகு தாளுக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. இரண்டே வார்த்தை. அதற்கப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம், காகிதம் கிழிபடும் சத்தம்.

"என்னடி சொல்றாங்க?" என்று கேட்ட இராக்கம்மாவின் குரல் பழையபடி சின்னதாகியிருந்தது. "கத்திப்புட்டேனே. கோவிச்சுக்கிட்டாங்களா?"

கனகேஸ்வரி முகத்திலிருந்து துணியை எடுத்தாள்.

"இல்லம்மா. போயிட்டு வானு சொல்லிட்டாங்க," என்றாள். "நீ சொன்னத நான் இன்னும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லவே இல்லம்மா."