இருபத்தோராம் நாள் ஆய்வு

1.

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அச்சடித்த படிவத்தில், நீல மையில், மூன்று பிரதிகள். அப்போது நான்கே வரிகளில் முடிந்துவிட்டது.

கிராமத் தொழில்களுக்கு அரசு கொடுக்கும் மானியம் உரிய வேலைக்குத்தான் போயிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவது என் உத்தியோகம். இருபத்தாறு வருடம் அதைச் செய்தேன். கறவை மாடு, சொட்டுநீர்க் குழாய், மாவு அரைக்கும் இயந்திரம் என்று எதைப் பார்த்தாலும் எனக்கு இடம் நான்கு வரிதான். ஓய்வு பெற்ற பிறகு மிச்ச வரிகளை எழுதலாமென்று உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஆய்வு. காரணத்தை மறைப்பானேன்? அந்த நான்கில் ஒரு வரியை எழுதிவிட்டு, அது பொய்யோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பிக்கொண்டே இருந்தேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: “எங்கோ ஒரு சேவல் கூவியது. கீழ்வானம்—”

வேண்டாம். குஞ்சு பொரிக்கும் கதையைச் சேவலில் தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அடுத்தது: “கனிவான முகத்துடன் அந்த அதிகாரி பேருந்திலிருந்து இறங்கி—”

இதைப் படித்துவிட்டு என் மனைவி, “யாருங்க இந்த அதிகாரி?” என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நிதியாண்டின் கடைசி வேலை நாள். உச்சி வெயில். பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, செருப்புக்குள் மண் ஏறி, கடுகடுவென்று போய் நின்றேன். நாலு மணிப் பேருந்தை விட்டால் அன்றைக்குள் படிவத்தை அலுவலகத்தில் சேர்க்க முடியாது. சேர்க்காவிட்டால் அந்த வருட ஒதுக்கீடு அத்தோடு போயிற்று.

3.

விண்ணப்பம் இரண்டு பேர் பெயரில் இருந்தது. ஒருவர் அண்ணி, இன்னொருத்தி அவருடைய கணவரின் தங்கை. அண்ணிக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதால் காகிதம் எல்லாம் அவர் பொறுப்பு. நாத்தனாருக்கு முப்பது இருக்கலாம். முட்டை எல்லாம் அவள் பொறுப்பு.

மானியத்தின் முதல் பாதியில் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் வாங்கி, பழைய கார் ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். பார்க்க இரும்பு பீரோ மாதிரி இருக்கும். முன்னால் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல், பக்கவாட்டில் காற்றுத் துளைகள், உள்ளே தட்டுத் தட்டாக முந்நூறு முட்டை. இரண்டாம் பாதி, மின்சாரம் போனால் தானே ஓடத் தொடங்கும் ஜெனரேட்டருக்கு. அது கிடைக்க நான் மூன்று விஷயங்களை எழுத வேண்டும். இயந்திரம் இயங்குகிறது. உற்பத்தி தொடங்கிவிட்டது. பங்குதாரர் இருவரும் உடனிருந்து கையெழுத்திட்டார்கள். (நான்காவது வரி என் பெயரும் பதவியும்.) இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் இரண்டாம் பாதி ரத்து, முதல் பாதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

அன்று இருபத்தோராம் நாள். காலையிலேயே ஓடுகள் உடையத் தொடங்கியிருக்க வேண்டும். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

போதாததற்கு, இரண்டு பங்குதாரர்களும் பேசிக்கொள்வதில்லை.

4.

“டீசல் கேன் எங்க போச்சுன்னு அவங்களையே கேளுங்க சார்” என்றாள் நாத்தனார். ‘அவங்க’ மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

நான் கேட்கவில்லை. கேட்காமலே இருவரும் என் வழியாகச் சொல்லி முடித்தார்கள். மூன்று நாளுக்கு முன் சூறைக்காற்றில் மின்கம்பம் சாய்ந்து, காலை ஏழு மணிக்குப் போன மின்சாரம் மாலை ஆறுக்குத்தான் வந்தது. வீட்டில் ஒரு பழைய ஜெனரேட்டர் உண்டு. அதற்கான டீசலை, பம்புசெட் பழுது பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் அவசரமென்று கேட்க, முந்தின நாள்தான் அண்ணி கேனோடு தூக்கிக் கொடுத்திருந்தார். மின்சாரம் போன அன்று அண்ணி டவுனுக்குப் போயிருந்தார். என் ஆய்வுக்கு வேண்டிய சான்றிதழ் வாங்கத்தான். அவருடைய போனில் சார்ஜ் இல்லை.

நாத்தனார் தனியாக வெந்நீர் போட்டாள். கிடைத்த பாட்டில்களில் எல்லாம் ஊற்றி இயந்திரத்துக்குள் வைத்தாள். வீட்டிலிருந்த போர்வை, கம்பளி, ஜமக்காளம் எல்லாவற்றையும் அதன் மேல் போர்த்தினாள். மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றினாள். பதினோரு மணி நேரம். நடுவில் ஒரு பானை சரிந்து மணிக்கட்டு வெந்துபோயிற்று.

மாலையில் அண்ணி வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை போச்சு?”

அதோடு பேச்சு நின்றுவிட்டது.

5.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் அதிகாரி இருவரையும் உட்காரவைத்து, குடும்ப ஒற்றுமை பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று. ஆனால் நான் உண்மையில் சொன்னது, “கையெழுத்துப் போடுவீங்களா மாட்டீங்களாம்மா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பதுதான்.)

“குஞ்சு வரட்டும் சார், போடறேன்” என்றாள் நாத்தனார். “வராததுக்கு வந்துச்சுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.”

கோபத்தில் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இந்தக் கதையின் முதல் வரைவில் அவளைப் பிடிவாதக்காரியாகவே எழுதினேன். திருப்பிப் படித்தபோதுதான் உறைத்தது: அந்த ஷெட்டில் பொய் எழுதத் தயாராக இருந்தது அவள் அல்ல, நான். எப்படியாவது முடித்துக்கொண்டு கிளம்பினால் போதுமென்று எனக்கு இருந்தது.

அண்ணி, கதவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து டார்ச் அடித்துக் காட்டலாம், உயிர் அசைவது தெரியும் என்று என்னிடம் சொன்னார். நாத்தனார் இயந்திரத்தின் குறுக்கே போய் நின்றுகொண்டாள். கடைசி மூன்று நாள் கதவைத் திறக்கக் கூடாதாம். உள்ளே இருக்கும் ஈரம் போனால் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு ஒட்டிக்கொண்டு செத்துவிடுமாம். இதையும் என்னிடம்தான் சொன்னாள்.

6.

காத்திருந்தோம். ஒரு மணி, இரண்டு மணி. கதைக்கு இது கெட்ட இடம், ஒன்றுமே நடக்கவில்லை. வெப்பமானியின் முள் நின்ற இடத்தில் நின்றது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டரை மணிவாக்கில் அண்ணி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“நான் எத்தனை போச்சுன்னு கேட்டிருக்கக் கூடாது சார். கரண்ட் போனத பஸ்ல சொன்னாங்க, வழி முழுக்க பயந்துகிட்டே வந்தேன், வாயில அதுதான் வந்துச்சு. அவ கை வெந்தத மறுநாள் காலையிலதான் பார்த்தேன். பார்த்தும் எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.”

என்னிடம் பேசுவதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டாள்.

7.

மூன்று இருபதுக்கு ஒரு சத்தம் கேட்டது. மின்விசிறி என்று நினைத்தேன். ஆனால் நாத்தனார் எழுந்துவிட்டாள். காற்றுத் துளையில் காதை வைத்தாள். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, என்னையும் வைக்கச் சொன்னாள்.

கீச்.

இவ்வளவுதான். ஓட்டுக்கு உள்ளேயிருந்து, போர்வைக்குள் யாரோ பேசுவது மாதிரி. பிறகு வேறோர் இடத்திலிருந்து இன்னொன்று.

சின்னச் சன்னலில் மூன்று முகங்களும் முட்டிக்கொண்டன.

“கொஞ்சம் தள்ளுங்க அண்ணி. உங்க நிழல் விழுது.”

அண்ணி தள்ளிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, “எந்தத் தட்டும்மா?” என்றார்.

“ரெண்டாவது. அந்த ஓரத்துல பாருங்க.”

மிளகளவு ஒரு ஓட்டை. அதற்குள் எதுவோ அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. அண்ணி நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையை விலக்கவில்லை. முட்டைகள் குளிர்ந்துபோனதால் வளர்ச்சி தாமதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். எனக்குப் பேருந்து நினைவே இல்லை.

அவளாகவே பேனா கேட்டாள்.

8.

“உற்பத்தி தொடங்கிவிட்டது” என்று எழுதினேன். என்னைக் குழப்பிய அந்த வரி இதுதான். மிளகளவு ஓட்டை உற்பத்தியா? ஓட்டை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம், வராமலும் போகலாம் என்று அவளே சொல்லியிருந்தாள். விதிப்புத்தகத்தில் இதற்கு விளக்கம் இல்லை. நாலு மணிப் பேருந்து போய்விட்டதால், டீசல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேரே அலுவலகத்துக்கே பறந்தார். வழி முழுக்க, அது முட்டைகளுக்காக வைத்திருந்த டீசல் என்று தனக்குத் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். பூட்டுகிற நேரத்தில் படிவத்தை நீட்டினேன். முத்திரை விழுந்தது.

9.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்த ஒரே குஞ்சோடு எல்லாம் நின்றுவிடுகிறது. அதை எழுதும்போதே கை கூசிற்று. இன்னொன்றில் முந்நூறும் பொரிகின்றன. என் மனைவிக்கு அது பிடித்திருந்தது. எந்த இயந்திரத்திலும் முந்நூறுக்கு முந்நூறு வராது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை போன் வந்தது. நாத்தனார்.

“சார், இருநூத்திப் பதினொண்ணு.”

பின்னாலிருந்து அண்ணி: “பதினாலு. அந்த அட்டைப் பெட்டில மூணு இருக்கு, அத எண்ணலயா நீ?”

“அதையும் சேத்துத்தான் அண்ணி எண்ணினேன்.”

“எங்க, திரும்ப எண்ணு பாப்போம்.”

“ஓடிக்கிட்டே இருந்தா எப்படி எண்ணறது?”

என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். இரைச்சலுக்கு நடுவே சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நானே போனை வைத்தேன். எந்த எண் சரி என்று பிறகும் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.